பனிச்சிறுத்தையின் மலைக்கு எத்தனை நாள் வேண்டும்?



குளிர்காலத்தில் இமயமலைப் பக்கம் போகப் போவதாக ஒருவர் சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து முதலில் வருவது உடையைப் பற்றிய யோசனைதான். தெர்மல் எத்தனை செட், ஜாக்கெட்டை இங்கேயே வாங்குவதா டெல்லியில் வாங்குவதா, குரங்குக் குல்லாய் போதுமா, காலுறைக்கு மேல் காலுறை போடலாமா என்று பேச்சு நீளும். மார்கழி விடியலுக்கே போர்வை தேடுகிற ஊர்க்காரர்களுக்குக் குளிர்தான் பெரிய எதிரியாகத் தெரியும். அதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் தலையில் இருக்க வேண்டிய ஒன்று பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. அது நாள். லடாக்கிலுள்ள ஹெமிஸ் தேசியப் பூங்காவை எடுத்துக்கொண்டு, அங்கே குளிர்காலத்தில் போக நினைப்பவர் செய்ய வேண்டிய முதல் ஆயத்தம் போதிய நாட்களை ஒதுக்குவதே என்றும், உடையும் மருந்தும் கேமராவும் அதற்குப் பிறகே வரும் என்றும் நிறுவ முயல்கிறேன்.

ஹெமிஸை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 1981இல் அமைந்த இந்தப் பூங்கா சுமார் 4,400 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நாட்டின் தேசியப் பூங்காக்களில் இதுவே பெரியது. லே நகரத்திலிருந்து பார்த்தால் சிந்து நதிக்கு அக்கரையில் தெற்கே எழும் மலைத்தொடர்தான் பூங்காவின் வாசல். 2019 முதல் 2023 வரை நடந்த நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பில் இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அவற்றில் 477 லடாக்கில் இருக்கின்றன. அந்த லடாக்கிலும் ஒரு சாதாரணப் பயணி பனிச்சிறுத்தையைக் கண்ணால் காண வாய்ப்புள்ள இடம் என்று பெயர் வாங்கியது ஹெமிஸின் ரும்பாக் பள்ளத்தாக்கு. கோடையில் போனால் மலையேறிகளின் கூட்டம் இருக்கும், சிறுத்தை இருக்காது. அது அப்போது உயரத்தில், மனிதர் எட்டாத பாறைகளுக்கிடையே திரியும். பனி விழுந்து மேல் மேய்ச்சல் நிலங்கள் மூடிக்கொண்டதும் அதன் இரையான நீல ஆடுகள் கீழே இறங்குகின்றன. அவற்றின் பின்னாலேயே சிறுத்தையும் இறங்குகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அதன் இணைசேரும் காலமும்கூட. பாறை முகப்புகளில் வாசனை தெளித்துவிட்டுப் போவதும், ஒன்றையொன்று கூப்பிடுவதும், பனியில் கால்தடம் பதிவதும் அப்போதுதான். ஆக, பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில்தான் போக வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டுச் சௌகரியமான மாதத்தில் போகலாம் என்ற வழி இங்கே கிடையாது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கோடையில் லேவுக்குப் போக இரண்டு சாலைகள் உண்டு. ஸ்ரீநகரிலிருந்து சோஜி கணவாய் வழியாக ஒன்று, மணாலியிலிருந்து இன்னொன்று. ஸ்ரீநகர் 1,585 மீட்டர் உயரம். கார்கில் 2,676 மீட்டர். லே ஏறத்தாழ 3,500 மீட்டர். ஸ்ரீநகரில் ஓரிரு நாள், கார்கிலில் ஓர் இரவு என்று தங்கித் தங்கிப் போகிறவர் அறிந்தோ அறியாமலோ தன் உடலுக்கு அவகாசம் கொடுத்துவிடுகிறார். குளிர்காலத்தில் இந்தச் சாலைகளைப் பனி மூடிவிடுகிறது. மிஞ்சுவது விமானம். சென்னையில் இரவு விமானம் பிடித்து, டெல்லியில் சில மணி நேரம் உட்கார்ந்திருந்து, விடியற்காலை விமானத்தில் ஏறினால் காபி நேரத்துக்குள் 3,256 மீட்டர் உயரத்திலுள்ள லே விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். கடல்மட்டத்திலிருந்து அந்த உயரத்துக்கு ஒரே இரவில். கைப்பையில் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் உப்பிப்போய் வெடிக்கிற மாதிரி இருப்பதைப் பார்த்தால் வெளியே காற்றழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று புரியும். நம்முடைய ஊட்டி அனுபவம் இதற்கு உதவாது. தமிழ்நாட்டின் மிக உயரமான இடமான தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். தென்னிந்தியாவின் உச்சமான ஆனைமுடி 2,695 மீட்டர். லேயின் விமான நிலையம் அவற்றுக்கு 500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பயணத்தின் முதல் மணி நேரத்திலேயே நாம் இதுவரை நின்றிராத உயரத்தில் நிற்கிறோம். ரும்பாக் அதற்கும் மேலே, 4,000 மீட்டரை ஒட்டி இருக்கிறது.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்று எல்லோரும் சொல்வோம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். லேயில் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் சென்னையில் போவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ரும்பாக்கில் அதற்கும் குறைவு. இதை ஈடுகட்ட உடல் முதலில் செய்வது வேகமாக மூச்சுவிடுவது. ஆனால் அப்படி மூச்சுவிடும்போது கரியமில வாயு அதிகம் வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுகிறது. உடனே மூளை மூச்சைக் குறைக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் ஆக்சிஜன் போதவில்லை என்று தூண்டுதல், மறுபக்கம் காரம் கூடுகிறது என்று கடிவாளம். இரவில் தூங்கும்போது மூச்சு வேகமெடுத்து, பிறகு சில நொடி நின்றே போய், திடுக்கிட்டு மீண்டும் தொடங்குவது இந்த இழுபறியால்தான். இதைத் தீர்த்துவைப்பவை சிறுநீரகங்கள். அவை பைகார்பனேட்டை வெளியேற்றி இரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவர இரண்டு மூன்று நாட்கள் எடுத்துக்கொள்கின்றன. இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நாம் அங்கே இருக்கப்போவதில்லை, அது தேவையும் இல்லை. ஆனால் அந்த முதல் இரண்டு மூன்று நாள் வேலையை உடல் செய்தே ஆக வேண்டும். அதை யாரும் நமக்காகச் செய்துகொடுக்க முடியாது. நான் நாள் நாள் என்று சொல்வது இந்த வேலைக்கான கெடுவை.

இது ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் பெருமளவில் கற்றுக்கொண்டதே நம் படைவீரர்களின் உடலிலிருந்துதான். உயரத்தில் திடீரென்று மூச்சுத்திணறி, நுரை கலந்த சளி துப்பி இறப்பவர்களுக்கு வந்தது நிமோனியா என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அது தொற்றுநோய் அல்ல, உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது என்று அமெரிக்க மருத்துவரும் மலையேறியுமான சார்ல்ஸ் ஹூஸ்டன் 1960இல் எழுதினார். இரண்டே ஆண்டில் சீனப் போர் வந்தது. சமவெளியிலிருந்த வீரர்களை அவசர அவசரமாக மலைமேல் ஏற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கேயே நிறுத்தப்பட்டார்கள். இந்தர் சிங்கும் அவருடைய சக மருத்துவர்களும் இந்த நோய்க்கு ஆளான வீரர்களை ஆராய்ந்து, நுரையீரல் நீர்க்கோவை பற்றி 1965இல் லான்செட் இதழிலும், 1,925 வீரர்களின் மலைநோயைப் பற்றி 1969இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழிலும் எழுதினார்கள். இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகள் அவை. அந்த நோயாளிகள் யார் என்று யோசித்துப் பாருங்கள். இளைஞர்கள், மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்கள், தினமும் உடற்பயிற்சி செய்தவர்கள். அவர்களைத்தான் மலை சாய்த்தது.

அதிலிருந்து ராணுவம் எடுத்த முடிவு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. 9,000 அடியிலிருந்து 12,000 அடிக்குள் பணிக்குப் போகும் வீரர் முதலில் 6 நாள் உடலைப் பழக்க வேண்டும். 12,000 அடியைத் தாண்டி 15,000 அடி வரை போவதானால் மேலும் 4 நாள். அதற்கும் மேலே என்றால் இன்னுமொரு 4 நாள். முதல் கட்டத்தின் முதல் இரண்டு நாளும் ஓய்வுதான்; மூன்றாம் நான்காம் நாள் சமதரையில் மெதுவான நடை; ஐந்தாம் ஆறாம் நாள்தான் சற்று ஏற்றம். லே 11,500 அடி, முதல் கட்டம். ரும்பாக் 13,000 அடியை ஒட்டி, இரண்டாம் கட்டம். துப்பாக்கியும் மூட்டையும் சுமக்கிற இருபத்திரண்டு வயது ஜவானுக்கு ராணுவம் ஆறு நாள் கொடுக்கிறது; மேசைமுன் உட்கார்ந்து வேலை பார்க்கிற நாற்பத்தைந்து வயதுக்காரருக்குப் பல பயணத் திட்டங்கள் ஒரு நாள் கொடுக்கின்றன. இதில் எது சரியான கணக்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. உறைந்த சன்ஸ்கார் ஆற்றின்மேல் நடக்கும் சாதர் நடைக்குப் போகிறவர்கள் லேயில் தங்கி, மருத்துவப் பரிசோதனையில் தேறிய பிறகே கிளம்ப முடியும் என்று உள்ளூர் நிர்வாகம் விதி வைத்திருப்பதும் பட்டுத் தெரிந்த பிறகுதான்.

இதற்கு உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு. ‘எங்கள் அலுவலகத்திலிருந்து பத்துப் பேர் போனார்கள், இறங்கிய மறுநாளே லேக்கு மேலேயுள்ள கார்துங் கணவாய்க்குப் போய்ப் படமெடுத்துக்கொண்டு வந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். உண்மையாகவே அவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். மலைநோய் எல்லோரையும் பிடிப்பதில்லை. ஒருவருடைய உடல் எப்படி எதிர்வினை செய்யும் என்பதை முன்கூட்டிச் சொல்ல நம்பகமான சோதனை எதுவும் இல்லை என்பதுதான் இதிலுள்ள தொல்லை. மாரத்தான் ஓடுகிறவர் படுத்துவிடுவார், அவரோடு வந்த மாமியார் ஜம்மென்று இருப்பார். உடல் வலிமை இதற்குக் காப்பு அல்ல; பார்க்கப்போனால் வலிமையுள்ளவர்கள் முதல் நாளே ஓடியாடுவதால் முதலில் மாட்டிக்கொள்வதும் உண்டு. முன்பு உயரத்தில் நோய் கண்டவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குத்தான் சொல்ல முடியும். முதல்முறை போகிறவருக்கு அந்தத் துப்பும் கிடையாது. இன்னொன்று, கார்துங் கணவாயில் அரை மணி நேரம் நின்றுவிட்டு இறங்குவது வேறு, ரும்பாக்கில் இரவு தூங்குவது வேறு. பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் படுத்தோம் என்பதே கணக்கில் வரும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின் படுக்கிற உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொது விதி.

அடுத்த மறுப்பு மாத்திரை. அசிட்டசோலமைடு, கடைப்பெயர் டயமாக்ஸ், உண்மையிலேயே வேலை செய்கிற மருந்து. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றுவதை அது விரைவுபடுத்துகிறது. மேலே சொன்ன அந்த இரண்டு மூன்று நாள் வேலைக்குத் துணை நிற்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாளே தொடங்கி, 125 மில்லிகிராம் காலையும் மாலையும் என்பது தடுப்புக்காகப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஒரே நாளில் விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லதென்றே நானும் சொல்வேன்; சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் பேச வேண்டும். விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் இதன் பக்கவிளைவுகள். மைனஸ் 20 டிகிரியில் நள்ளிரவில் எழுந்து முற்றத்துக்கு அப்பாலிருக்கும் கழிவறைக்குப் போவது எப்படியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் மருந்து உடலை வேகப்படுத்துகிறதே ஒழிய, உடலுக்குப் பதிலாக நிற்பதில்லை. நுரையீரல் நீர்க்கோவையை அது தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்றும் கிடையாது. மருந்துக்கடைகளில் விற்கும் ஆக்சிஜன் டப்பாவோ சில நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. மடியில் வைத்துக்கொண்டால் மனத்தைரியம் வரும் என்றால் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

மலைநோய்க்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட மருத்துவம் ஒன்றுதான்: கீழே இறங்குவது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்ற அளவில் இருந்தால் அந்த உயரத்திலேயே ஓய்வெடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். நேராக நடக்கத் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது என்றால் மூளை வீங்குகிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, வறட்டிருமல் விடவில்லை என்றால் நுரையீரலில் நீர் சேர்கிறது. இவை வந்தபின் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது. கோடையில் இது நடந்தால் வழிகள் பல. குளிர்காலத்து ரும்பாக்கில் நடந்தால்? இருட்டில், பனி உறைந்த ஓடைக்கரைப் பாதையில், குதிரைமேலோ முதுகில் சுமந்தோ வண்டிப் பாதை வரை கொண்டுவந்து, அங்கிருந்து லேயிலுள்ள சோனம் நொர்பு நினைவு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஆக்சிஜனும் இந்த நோயில் தேர்ந்த மருத்துவர்களும் இருக்கிறார்கள்; உயிர் பிழைத்துவிடலாம். ஆனால் லேயே 3,500 மீட்டர். அதிலிருந்து இறங்க வேண்டுமென்றால் சிந்து நதியோரம் மேற்கே போய்ச் சில நூறு மீட்டர் குறைக்கலாம். கார்கிலுக்குப் போகும் நெடுஞ்சாலை 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு கணவாயின் மேல் ஏறித்தான் இறங்குகிறது. உண்மையான இறக்கம் என்பது மறுநாள் காலை விமானம், அதுவும் வானம் தெளிந்திருந்தால். நீர்க்கோவை பெரும்பாலும் உயரத்துக்கு வந்த இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இரவில்தான் தலைகாட்டுகிறது. ஒரு நாள் லே, மறுநாள் ரும்பாக் என்று திட்டம் போடுகிறவர், அந்த ஆபத்தான இரவுகளை மருத்துவமனை இல்லாத இடத்தில் கழிக்கத் தாமாகவே ஏற்பாடு செய்துகொள்கிறார்.

குளிரை நான் குறைத்து மதிப்பிடுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். லேயில் ஜனவரி இரவு மைனஸ் 15 டிகிரியை ஒட்டிப் போவது சாதாரணம். ரும்பாக்கில் அதற்கும் வெகு கீழே போகும். குளிரும் உயரமும் கூட்டாளிகள் என்பதும் உண்மை. குளிர் நுரையீரல் தமனிகளில் அழுத்தத்தைக் கூட்டுவதால் நீர்க்கோவைக்கு அதுவும் ஒரு தூண்டுகோல். ஆகவே உடை முக்கியம்தான். ஆனால் அது தீர்க்கக்கூடிய சிக்கல். உடலையொட்டி வியர்வையை உறிஞ்சி வெளித்தள்ளும் மெல்லிய கம்பளி, அதன்மேல் வாத்து இறகு அடைத்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத மேலாடை. கனமான ஒரே கோட்டைவிட இந்த அடுக்குமுறை மேல், ஏனென்றால் ஏற்றத்தில் வியர்க்கத் தொடங்குமுன் கழற்றவும் நின்றதும் போடவும் வேண்டும். நனைந்த துணி அங்கே எதிரி. பருத்தி உள்பனியன் வேண்டாம். காலணி ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான காலணிக்குள் மூன்று காலுறை போட்டால் இரத்த ஓட்டம் நின்று விரல் மரத்துவிடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் வாய்ப்பக்கம் உறையாது. கேமரா பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து கேமராவை அடுப்பறைக்குள் கொண்டுவருமுன் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டால் ஈரம் பையின்மேல் படியும், லென்ஸில் படியாது. இவற்றில் பெரும்பாலானவற்றைக் காசு கொடுத்து வாங்கலாம், மறந்துவிட்டால் லே கடைத்தெருவில் வாடகைக்கு எடுக்கலாம். மறந்துபோன நாட்களை வாடகைக்குத் தருகிற கடை எங்கும் இல்லை.

அடுப்பைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். லடாக்கி வீடுகளில் புகாரி என்ற தகர அடுப்பு எரியும். விறகோ சாண எருவோ போடுவார்கள். புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். மாலையில் வீடே அந்த ஓர் அறைக்குள் இருக்கும். ஸ்க்யூ என்னும் மாவுக் குழம்பும் உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீரும் அங்கேதான் கிடைக்கும். பசியே எடுக்காத உயரத்தில் இந்தச் சூடான மாவுணவுதான் சரியான ஆகாரம். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுபோகிறவர்கள் தாராளமாகக் கொண்டுபோகட்டும். ஆனால் படுக்கையறைக்குள் குழாயில்லாத கரியடுப்பை வைத்துக்கொண்டு கதவடைத்துத் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் பறித்துவிடும். அப்போது வரும் தலைவலி மலைநோயின் தலைவலி போலவே இருப்பதால் பிரித்தறியவும் முடியாது. முதல் இரண்டு இரவு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்; இரண்டும் மூச்சை மட்டுப்படுத்துபவை. தினமும் தலைக்குக் குளித்தாக வேண்டும் என்ற விரதத்தையும் லேயில் தளர்த்திக்கொள்வது நல்லது. குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும், வாளியில்தான் கொடுப்பார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை எடுத்துப்போகலாம். ஆனால் 94க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு ஓடிய அன்றைய பழக்கத்தில் பார்த்துப் பதறக் கூடாது. லேயில் புதிதாக இறங்கிய ஆரோக்கியமானவருக்கே எண்பதுகளின் பிற்பகுதி காட்டும். சில்லிட்ட விரலில் மாட்டினால் அதைவிடக் குறைத்தும் காட்டும். எண்ணைவிட ஆளைப் பார்ப்பது மேல்.

இதுவரை உடலுக்காக நாள் கேட்டேன். சிறுத்தையும் நாள் கேட்கிறது. சாம்பல் பாறைக்கும் சாம்பல் தோலுக்கும் வித்தியாசம் தெரியாத மலைச்சரிவில், ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் அசையாமல் படுத்திருக்கும் விலங்கை உள்ளூர் வழிகாட்டி தொலைநோக்கியில் தேடிப் பிடிக்க வேண்டும். நாம் செய்ய வேண்டியது மேட்டின்மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது. பீட்டர் மாத்திசன் 1973இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலரோடு நேபாளத்தின் டோல்போ பகுதிக்கு நடந்துபோய், அந்தப் பயணத்தைப் பனிச்சிறுத்தை என்ற பெயரிலேயே புகழ்பெற்ற நூலாக எழுதினார். அவர் கண்ணில் சிறுத்தை படவே இல்லை. இன்று வாய்ப்பு எவ்வளவோ கூடியிருக்கிறது, ஆனால் ஒரே இரவு தங்குபவருக்கு அது சீட்டாட்டம்தான். அவசரக்காரர் செய்யும் கெடுதல் வேறு. இருக்கும் ஒரே பகலுக்குள் பார்த்தாக வேண்டும் என்றால் வழிகாட்டியை இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று நெருக்குவார். வேட்டையாடிய இரையை விட்டுச் சிறுத்தை ஓடிப்போகும். அந்தக் கடுங்குளிரில் ஓர் இரையை இழப்பது அதற்குச் சின்ன விஷயமல்ல.

இந்த இடத்தில், இவ்வளவு தொந்தரவு செய்து எதற்குப் போக வேண்டும், விலங்கை நிம்மதியாக விட்டால் என்ன என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. என் பதில் ரும்பாக்கின் வீடுகளில் இருக்கிறது. கைவிரலில் எண்ணிவிடக்கூடிய வீடுகளே உள்ள ஊர் அது. ஆட்டுப்பட்டிக்குள் சிறுத்தை குதித்தால் ஒரே இரவில் பல ஆடுகள் போகும். முன்பெல்லாம் அதை அடித்துக் கொன்றார்கள். மலையேறியான ரின்சென் வாங்சுக் தொடங்கிவைத்த பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு இரண்டு வேலை செய்தது: பட்டிகளின் மேலே கம்பிவலை போட்டுச் சிறுத்தை நுழையாமல் செய்தது, வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைத்துப் பெண்கள் கையில் வருமானம் சேரும் ஏற்பாட்டைக் கிராமங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. செத்த சிறுத்தையைவிட உயிருள்ள சிறுத்தை வருமானம் தரும் என்ற நிலை வந்தது. ஆனால் அந்த வருமானம் இரவுக்கணக்கில் வருவது. லேயிலிருந்து காலையில் வண்டியில் வந்து, படமெடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர் ஊருக்குப் புழுதியைத் தவிர ஒன்றும் கொடுப்பதில்லை.

கடைசியாக, எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு: விடுப்பு கிடைக்காது. பொங்கல் விடுமுறையோடு சனி ஞாயிறு சேர்த்தால் ஐந்து நாள், ஆறு நாள். அதற்கு மேல் கேட்டால் மேலாளர் முகம் மாறும். கூடுதல் நாள் என்றால் கூடுதல் அறை வாடகையும்தான். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணக்கு இப்படி. லேயில் முதல் இரண்டு நாள் அறையை விட்டு அதிகம் நகராமல், நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடப்பது. மூன்றாம் நாள் கடைத்தெரு வரை மெதுவாக நடை. நான்காம் நாள் சிந்து நதியோரமாக ஷே, திக்சே மடாலயங்கள். அவை லேயின் உயரத்திலேயே இருப்பதால் உடலுக்கும் பாடம், கண்ணுக்கும் விருந்து. ஐந்தாம் நாள் பூங்காவுக்குள். அங்கே நான்கு இரவு. திரும்பி வந்து லேயில் ஓர் இரவு. அதன்மேல் ஒரு நாள் உபரி, ஏனென்றால் லே விமானங்கள் பெரும்பாலும் காற்று வலுப்பதற்கு முன் காலையில்தான் பறக்கும், பனியோ மேகமோ கவிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆக பத்துப் பதினோரு நாள். ராணுவக் கணக்கைவிட இது குறைவுதான். நாம் மூட்டை சுமப்பதில்லை, சண்டை போடுவதுமில்லை என்பதால் கொடுத்த சலுகை. அதற்கும் கீழே குறைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஐந்து நாள்தான் இருக்கிறது என்பவர் மலைக் காட்டுக்கே போகக் கூடாதா? தாராளமாகப் போகலாம், ஹெமிஸுக்கு வேண்டாம். ஸ்ரீநகருக்குப் பக்கத்திலுள்ள டாச்சிகாம் தேசியப் பூங்காவின் கீழ்ப்பகுதி சுமார் 1,700 மீட்டர், ஊட்டியைவிடத் தாழ்வு. ஹங்குல் என்னும் காஷ்மீர் மான்கள் குளிர்காலத்தில் அந்தக் கீழ்ப்பகுதிக்குத்தான் இறங்கி வருகின்றன. வனவிலங்குத் துறையின் அனுமதி வாங்கி, அன்றைய நிலவரத்தையும் விசாரித்துக்கொண்டு போனால், அந்த உயரத்தில் உடல் பழகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து நாளில் மூன்று முழுநாள் காட்டில் கழிக்கலாம்.

ஹெமிஸ்தான் என்று முடிவு செய்தவர்கள் பயண ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரும்பாக்குக்கு ஏறுமுன் லேயில் எத்தனை இரவு? பள்ளத்தாக்கில் இருக்கும்போது கூடவே வருவது டப்பாவா, உண்மையான ஆக்சிஜன் சிலிண்டரா? இரவு ஒரு மணிக்கு ஒருவருக்கு மூச்சு வாங்கினால் யார், எந்த வாகனத்தில், எந்த வழியாக அவரைக் கீழே கொண்டுவருவார்கள்? குழுவில் ஒருவர் முடியவில்லை என்றால் அவரோடு லேயில் தங்க ஓர் ஆள் உண்டா, அல்லது அவரையும் இழுத்துக்கொண்டு மேலே போவார்களா? திரும்பும் விமானம் ரத்தானால் அடுத்த நாளுக்கான அறைவாடகை யார் பொறுப்பு? முதல் கேள்விக்கே ‘ஒரு நாள் போதும் சார், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்’ என்று பதில் வந்தால் மற்ற கேள்விகளைக் கேட்க வேண்டியதில்லை, வேறு ஏற்பாட்டாளரைத் தேடலாம்.